திறமைக்கு யார் கூலி கொடுப்பது?

சந்தை தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருக்கிறது என்றார் ஒரு நண்பர். திருநெல்வேலி ஜங்ஷனில், டீக்கடை வாசலில், இரவு ஒன்பது மணிக்கு மேல். அவர் எழுதுகிறவர் அல்ல. நாம் எழுதுவதைக் காசு கொடுத்து வாங்கிப் படித்துவிட்டு முகத்துக்கு நேரே அபிப்பிராயம் சொல்கிற அபூர்வ ஜாதி. "விக்காத சரக்குக்கு எதுக்கு வே அழுதீரு? ஜனங்களுக்கு எது வேணுமோ அதுக்குத் துட்டு குடுக்கான். துட்டு எங்க இருக்கோ அங்க திறமை உள்ளவன் தானா போய்ச் சேருதான். இதுல என்ன அநியாயத்தக் கண்டுட்டீரு?"

உடனடியாகப் பதில் சொல்ல முடியவில்லை. நம் வட்டத்தில் இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது: விற்பதெல்லாம் குப்பை, விற்காததே இலக்கியம். ஆனால் யோசித்துப் பார்த்தால் இது அவர் சொன்னதையே தலைகீழாகத் திருப்பிச் சொல்வதுதான். அவரும் விலையைச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறார், நாமும் விலையையே சாட்சியாக எடுத்துக்கொள்கிறோம். அவர் நேராகப் படிக்கிறார், நாம் கண்ணாடியில் படிக்கிறோம். முந்நூறு பிரதி அச்சடித்து நூற்றைம்பது கட்டிலுக்கடியில் கிடக்கிறது என்பதாலேயே அதில் சிருஷ்டி இருக்கிறது என்று ஆகிவிடாது. இது நமக்கும் உள்ளூரத் தெரியும். எனவே அந்தத் தயார்ப் பதிலை விட்டுவிட்டு வேறு வழியில் போய்ப் பார்க்கிறேன்.

*

புதுமைப்பித்தனிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். திருநெல்வேலியில் இந்தக் கேள்வி எழுந்தால் வேறு எங்கிருந்தும் ஆரம்பிக்க முடியாது. அவரைப் பற்றி நாம் சொல்லிக்கொண்டிருக்கும் கதை இது: மேதை, சமூகம் கண்டுகொள்ளவில்லை, வறுமையில் செத்தான். இதில் பாதி பொய். அவரைக் கண்டுகொள்ளாமல் யாரும் விடவில்லை.

1906இல் பிறந்தவர். தகப்பனார் தாசில்தார். 1931இல் திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். பையன் சர்க்கார் உத்தியோகத்துக்குப் போகவேண்டும் என்பது தகப்பனாரின் எதிர்பார்ப்பு. பையன் கதை எழுதப் போனார். 1934இலிருந்து 'மணிக்கொடி'யில் கதைகள் வருகின்றன. 'மணிக்கொடி' காசு கொடுக்கிற பத்திரிகை அல்ல, கொடுக்க அதனிடம் இருக்கவும் இல்லை. காரைக்குடி 'ஊழிய'னில் கொஞ்ச நாள். பிறகு 'தினமணி'யில் உதவியாசிரியர். வந்து விழுகிற தந்திச் செய்திகளைத் தமிழாக்குவதும் தலைப்புப் போடுவதும் வேலை. 1943இல் ஆசிரியர் டி.எஸ். சொக்கலிங்கம் வெளியேறியபோது இவரும் கூடவே வெளியேறி 'தினசரி'க்குப் போனார். அதன்பின் சினிமா.

சினிமா அவரைத் தேடித்தான் வந்தது. ஜெமினியின் 'அவ்வையா'ருக்கு எழுதினார். அந்தப் படம் வெளிவந்தது 1953இல், அவர் இறந்து ஐந்து வருஷம் கழித்து. 'காமவல்லி'க்கு எழுதினார். பர்வதகுமாரி புரொடக்ஷன்ஸ் என்று சொந்தமாகக் கம்பெனி தொடங்கி 'வசந்தவல்லி' என்று படம் எடுக்கப் பார்த்தார். பெயரைக் கேட்டால் குற்றாலக் குறவஞ்சி ஞாபகத்துக்கு வரும். படம் வரவில்லை, பணம் போயிற்று. கடைசியாக எம்.கே. தியாகராஜ பாகவதரின் 'ராஜமுக்தி'க்கு வசனம் எழுதப் புனாவுக்குப் போனார். அங்கேதான் க்ஷயம் முற்றியது. 1948 ஜூன் 30ஆம் தேதி திருவனந்தபுரத்தில் இறந்தார். வயது 42.

மூன்று விலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கதைக்கு ஒன்றுமில்லை, அல்லது ஒன்றுமில்லாததற்குச் சற்று மேல். தந்தித் தமிழுக்கு மாதச் சம்பளம். சினிமா வசனத்துக்கு எல்லாவற்றையும்விட அதிகம். நூறுக்குச் சற்றுக் குறைவான அவர் கதைகளில் மிகப் பெரும்பாலானவை முதல் இரண்டு விலைகளின் காலத்தில், 'மணிக்கொடி'யும் 'தினமணி'யும் இருந்த வருஷங்களில் எழுதப்பட்டவை. சினிமா வருஷங்களில் கதை அநேகமாக வற்றிவிடுகிறது. 'கயிற்றரவு' ஒன்று வருகிறது, அதோடு சரி. வசனங்களாக எழுதியவற்றில் இன்று நாம் எடுத்துப் படிக்க என்ன இருக்கிறது?

இதை வைத்துச் சந்தையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடலாம்தான். அதற்கு முன் இரண்டு விஷயங்களை ஒப்புக்கொண்டாகவேண்டும். ஒன்று, 'தினமணி' சம்பளமும் சந்தையிலிருந்து வந்ததுதான். தமிழில் செய்தி படிக்க ஜனங்கள் காலணா கொடுத்ததால்தான் அந்தக் கதைகள் எழுதப்பட்ட ராத்திரிகளுக்கு மண்ணெண்ணெய் இருந்தது. மற்றது, சினிமாவுக்கு அவரை யாரும் கையைக் கட்டி இழுத்துப்போகவில்லை. அவரே போனார். ஆசையோடு போனார். மனைவிக்கு எழுதிய கடிதங்கள் 'கண்மணி கமலாவுக்கு' என்று புத்தகமாக வந்திருக்கின்றன. பணக் கவலையும் பணம் வந்துவிடும் என்ற நம்பிக்கையும் அவற்றில் மாறி மாறி வருகின்றன. அதைப் படித்தபின் 'விலைபோனான்' என்று எழுதுவதற்குப் பேனா ஓடாது.

*

அவரே இதையெல்லாம் முன்கூட்டி யோசித்திருக்கிறார் என்பதுதான் விசேஷம். 'ஒரு நாள் கழிந்தது' கதையை ஏழை எழுத்தாளனின் அவலம் என்று படித்துப் படித்து நாம் அதைத் தேய்த்துவிட்டோம். முருகதாசருக்குச் சந்தையில் வேலை இல்லை என்றா புதுமைப்பித்தன் சொல்கிறார்? இருக்கிறது. அவர் விளம்பரம் எழுதுகிறார். பெரிய நாவல் ஒன்று மனசில் இருக்கிறது, கையோ வியாபாரச் சரக்கின் மேன்மையை வர்ணித்துக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் தேவைப்படுவது ஒரே திறமை என்பதுதான் கதையின் முள். சொல்லைத் தேர்ந்து, எடை பார்த்து, படிக்கிறவனின் மனசில் போய் உட்காரும்படி வாக்கியத்தை நிறுத்துகிற திறமை. சந்தை அதைக் கண்டுபிடித்துவிட்டது. பல்கலைக்கழகமோ தமிழ்ச் சங்கமோ கண்டுபிடிப்பதற்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டது. 'சந்தை திறமையை அறியாது' என்று நாம் பாடும் ஒப்பாரி தவறு. அதற்குக் கண் நன்றாகவே தெரிகிறது. கண்டுபிடித்த திறமையிடம் என்ன கேட்கிறது என்பதில்தான் விவகாரம்.

'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' இன்னும் ஒரு படி போகிறது. பூலோகத்துக்கு வந்த கடவுள் பிழைக்க வழி பார்க்கவேண்டும். அவருக்குத் தெரிந்த ஒரே தொழில் ஆடுவது. அதை ஒரு திவான் பகதூர் பரீட்சை பார்த்து, இது கலையே இல்லை என்று தள்ளிவிடுகிறார். இந்தத் திவான் பகதூர் சந்தை அல்ல. சந்தை வருவதற்கு முன்னால் கலையைக் காப்பாற்றியதாக நாம் சொல்லிக்கொள்ளும் புரவலரின் வாரிசு. சந்தை வேண்டாம், ரசிகமணிகளும் ஜமீன்களும் போதும் என்கிறவர்கள் இந்தப் பகுதியைத் திரும்பப் படிக்கவேண்டும். கந்தசாமிப் பிள்ளையோ ஒரு சின்ன வியாபாரி. வைத்தியப் பத்திரிகை நடத்துகிறார், கடவுளிடமே ஆயுள் சந்தா கேட்கிறார். கதை முழுக்க ஏமாற்று, பயம், பாசாங்கு. கடைசியில் நடக்கிற ஒரே யோக்கியமான காரியம் இருபத்தைந்து ரூபாய் வரவு. பிள்ளை அதைக் கணக்கில் எழுதிக்கொள்கிறார். புதுமைப்பித்தன் சிரிக்கிறார், ஆனால் அந்த வரவைக் கேவலப்படுத்தவில்லை. சிறுபத்திரிகை நடத்துகிற யாருக்கும் அந்தப் பேரேட்டின் மேல் ஒரு வாஞ்சை இல்லாமல் இராது.

*

நண்பரின் வாதத்துக்கு வருகிறேன். துட்டு இருக்கும் இடத்துக்குத் திறமை போகிறது என்பது வரை சரி. துட்டு இருக்கும் இடம்தான் தேவை இருக்கும் இடம் என்று அடுத்த அடி வைக்கிறாரே, அங்கேதான் சறுக்குகிறது.

அதே சென்னை, அதே நாற்பதுகள். பேனாவால் பிழைத்த இன்னொருவர் லட்சுமிகாந்தன். 'சினிமா தூது', பிறகு 'இந்து நேசன்'. நட்சத்திரங்களின் படுக்கையறையை எழுதியது, சூடாக விற்றது. எழுதாமல் இருப்பதற்கும் விலை கிடைத்தது என்பார்கள். அந்த மனிதரிடம் திறமை இல்லையென்று சொல்லமுடியாது. ஜனங்களின் நாடி தெரிந்தவர். புதுமைப்பித்தனை வாங்காத கைகள் அதைக் காசு கொடுத்து வாங்கின. 1944 நவம்பரில் அவரைக் குத்திக் கொன்றார்கள். அந்த வழக்கில் பாகவதர் சிறை போனார், 1947இல் விடுதலையாகி வந்து சொந்தப் படம் எடுக்க முனைந்தார். அந்தப் படம்தான் 'ராஜமுக்தி'. ஒரு பேனாவின் அழிம்பால் உண்டான பள்ளத்தை நிரப்ப இன்னொரு பேனாவைக் கூலிக்குப் பிடித்தார்கள், அந்தப் பேனா புனாவில் ரத்தம் கக்கியது. இதை நான் சங்கிலியாகக் கோக்கவில்லை, கோத்தே கிடக்கிறது.

வில்லியம் பௌமல் என்ற அமெரிக்கப் பொருளாதாரவாதி 1990இல் ஒரு கட்டுரை எழுதினார். முனைப்பும் சூட்டிகையும் உள்ள ஆட்கள் எந்தச் சமூகத்திலும் எந்தக் காலத்திலும் இருக்கிறார்கள். அந்தச் சமூகம் எதற்குப் பரிசு வைத்திருக்கிறது என்ற ஆட்ட விதியைப் பொறுத்து அவர்கள் ஆக்கத்துக்கோ, வீணுக்கோ, அழிவுக்கோ போகிறார்கள் என்பது அதன் சாரம். ரோமாபுரியையும் சீனத்துப் பரீட்சைகளையும் உதாரணம் காட்டுகிறார். இந்த ஆற்றங்கரையையும் காட்டியிருக்கலாம். தாமிரபரணி தண்ணீர் பாய்ந்த நஞ்சைக்காரக் குடும்பங்களின் மூளை தலைமுறை தலைமுறையாக எங்கே செலவாயிற்று? வாய்க்கால் வரப்புத் தகராறில், பாகப் பிரிவினை வழக்கில், கோர்ட்டில், அதற்கப்புறம் தாசில் கச்சேரியில். சந்தை வந்து கெடுத்துவிட்டது என்று சொல்ல, முன்னால் ஒன்றும் நன்றாக இருந்திருக்கவில்லை. சேற்றில் நின்று நாற்று நட்டவர்களுக்குள் எத்தனை திறமை இருந்தது என்ற கேள்வியை யாரும் கேட்கக்கூட இல்லை. இந்த ஒரு விஷயத்தில் சந்தை அக்கிரஹாரத்தையும் பிள்ளைமார் தெருவையும்விட மேல். அது ஜாதி கேட்காமல் கூப்பிட்ட சந்தர்ப்பங்கள் உண்டு. எப்போதும் இல்லை, ஆனால் உண்டு.

*

எழுத்தை விட்டுவிட்டு விரலுக்கு வரலாம். திறமை என்றால் மூளை என்று நினைத்துக்கொள்வது நம் வர்க்கத்தின் பழக்கம்.

பத்தமடையில் ஆற்றங்கரைக் கோரையை அறுத்துக் காயவைத்து, ஓடும் தண்ணீரில் ஊறப்போட்டு, இழை இழையாகக் கிழித்து, சாயமேற்றி, நூல் பாவில் நெய்கிறார்கள். நெய்பவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள். நூறுக்கு மேற்பட்ட 'கவுண்ட்' உள்ள பாய் பட்டுத்துணி போல மடியும். அப்படி ஒன்று முடிய வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். மாப்பிள்ளை பெண் பேரை நெய்து கல்யாணச் சீராகக் கொடுப்பார்கள். அந்த விரல்களுக்கு எதிரே அதே தாலுகாவில், சில இடங்களில் அதே தெருவில், இன்னொரு கிராக்கி: பீடி. முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம், கடையம் என்று எங்கு பார்த்தாலும் திண்ணையில் சொளகை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள். இலையை வெட்டி, தூளைப் போட்டு, உருட்டி, முனை மடக்கி, நூல் கட்டுவது. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. பேசிக்கொண்டே, பிள்ளையை அதட்டிக்கொண்டே, பார்க்காமலேயே விரல் ஓடும். அதுவும் அசாத்தியத் திறமைதான்.

உபயோகமான வேலை எது? ஒன்று தலைமுறைக்கு இருக்கிற பாய். மற்றது ரெண்டு நிமிஷத்தில் புகைந்து நெஞ்சை அரிப்பது. சுற்றுகிறவளின் நெஞ்சையும் தூள் விடுவதில்லை. சந்தை விரல்களைப் பெருவாரியாக எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்பதை இந்தப் பக்கத்துப் பஸ்ஸில் ஒருமுறை போனால் போதும். ஆனால் அந்தப் பெண்ணை முட்டாள் என்று நினைத்தால் முட்டாள் நாம்தான். பீடிக்கடையில் வாராவாரம் துட்டு. 1966ஆம் வருஷச் சட்டத்துக்குப் பிறகு பாஸ் புத்தகம் உள்ளவர்களுக்குச் சேமநிதியும் வந்தது. பாய்க்கு? வாங்க ஒரு கலா ரசிகர் வரும்வரை காத்திருக்கவேண்டும். புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது, சரிதான்; குறியீட்டை உலையில் போட முடியாது. அவள் கணக்கு தப்பவில்லை. கணக்குகள் ஒவ்வொன்றும் சரியாக இருந்து கூட்டுத்தொகை மட்டும் விபரீதமாக வருகிறது. 'தானாகப் போய்ச் சேரும்' என்ற நண்பரின் வாக்கியத்தில் அந்தத் 'தானாக'வைத்தான் நான் நம்ப மறுக்கிறேன்.

உபயோகம் பற்றி மார்க்ஸ் ஒரு வேடிக்கையான இடத்தில் பேசுகிறார். மில்டன் 'இழந்த சொர்க்க'த்தை ஐந்து பவுனுக்கு விற்றான். பட்டுப்புழு பட்டு நூற்பதுபோல அது அவன் இயல்பிலிருந்து வந்தது. ஆகவே மூலதனத்தின் பேரேட்டில் அவன் ஆக்கம் தராத உழைப்பாளி. பதிப்பாளன் சொற்படி புத்தகம் தைக்கிற லைப்சிக் நகரத்துக் கூலி எழுத்தாளன்தான் ஆக்க உழைப்பாளி. நம் இடதுசாரி நண்பர்கள் இதை மேற்கோள் காட்டிவிட்டு, மூலதனம் எவ்வளவு குரூரமானது பார் என்பார்கள். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. பட்டுப்புழு தின்ன இலை வேண்டுமே? மில்டன் வட்டிக்குக் கடன் கொடுத்துப் பொருள் சேர்த்த ஒரு பத்திர எழுத்தரின் மகன். இலை அங்கிருந்து வந்தது. தாசில்தார் மகனுக்கு அந்த இலை அறுந்துபோயிற்று, அவ்வளவே.

*

ஒரு எதிர் உதாரணத்தை மறைத்தால் இந்தக் கட்டுரை அயோக்கியத்தனமாகிவிடும். காருகுறிச்சி. சேரன்மகாதேவிக்குப் பக்கத்துக் கிராமம். 1921இல் பிறந்த அருணாசலம் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் போய்க் கற்று, கோயிலிலும் கல்யாணப் பந்தலிலும் வாசித்தார். ஜனங்கள் காசு கொடுத்தார்கள், கொடுத்துக்கொண்டேயிருந்தார்கள். 1962இல் 'கொஞ்சும் சலங்கை' வந்தது. எஸ். ஜானகியின் குரலோடு அவர் நாயனம் போட்டியிட்ட 'சிங்கார வேலனே' இன்றும் டீக்கடைகளில் ஒலிக்கிறது. சினிமா அந்த நாயனத்தைக் கெடுக்கவில்லை. ஆபேரி ஆபேரியாகவே இருந்தது. 1964இல், 43 வயதில், போய்விட்டார். புதுமைப்பித்தனைவிட ஒரு வயசு கூட. ஆனால் யாரும் அவரை 'கண்டுகொள்ளப்படாத மேதை' என்று எழுத வாய்ப்பில்லை.

ஏன் ஒருவருக்கு அப்படி, மற்றவருக்கு இப்படி? நாயனத்தைக் கேட்டு எடைபோடக்கூடிய காது அவர் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே திருவிழாத் தெருக்களில் தயாராகியிருந்தது. காசு கொடுத்தவன் தான் வாங்குவது என்னவென்று அறிந்தே கொடுத்தான். சந்தை அங்கே புதிதாக ஒன்றும் செய்யவில்லை, தயாராக இருந்த காதுகளிடம் காசு வசூல் பண்ணிக் கொடுத்தது. 'துன்பக் கேணி'யைப் படிக்க அப்படியொரு கண் அன்றைக்கு உருவாகியிருக்கவில்லை. எழுதுகிறவனே வாசகனையும் உண்டாக்கவேண்டியிருந்தது. பிறக்காத வாசகன் எப்படிக் காசு கொடுப்பான்? பிறந்தபின் கொடுத்தான். 2002இல் அரசு நாட்டுடைமையாக்கியபின், யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்றானபோது, கடைக்குக் கடை புதுமைப்பித்தன். சந்தை தப்பாகத் தீர்ப்புச் சொல்லவில்லை, ஐம்பது வருஷம் தாமதமாகச் சொல்லிற்று. க்ஷயம் அவ்வளவு காத்திருக்காது.

ஆக நண்பருக்கு நான் விட்டுக்கொடுக்கக்கூடியது இவ்வளவு: வாங்குகிறவன் பொருளை அங்கேயே அளந்துபார்க்க முடிகிற இடத்தில், அதன் கெடுதல் மூன்றாவது மனிதன் தலையில் விழாத இடத்தில், சந்தை திறமையைப் பழுதில்லாமல் நடத்துகிறது. அல்வாவுக்கு இது பொருந்தும். நாயனத்துக்கு அன்றைக்குப் பொருந்தியது. பீடிக்குப் பொருந்தாது. புதுசாக எதையாவது செய்துபார்க்கிற எழுத்துக்குச் சுத்தமாகப் பொருந்தாது.

*

அப்படியானால் எழுபதுகளில் திருநெல்வேலியில் நடந்தது என்ன? வண்ணதாசன், வண்ணநிலவன், கலாப்ரியா, விக்ரமாதித்யன் என்று ஒரே ஊர்ச் சுற்றளவில் இத்தனை பேர் எப்படி வந்தார்கள்? தாமிரபரணித் தண்ணீர் என்பார்கள். தண்ணீர் அதற்கு முன்னாலும் ஓடிற்று. 1969 ஜூலை 19ஆம் தேதி பதினான்கு பாங்குகள் தேசியமயமாயின என்பதையும் சேர்த்துப் படித்தால் என்ன? கிளைகள் சின்ன ஊர்களுக்கு வந்தன. படித்த பையன்கள் பரீட்சை எழுதிக் கவுண்டருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். வண்ணதாசனுக்குப் பாங்கு வேலை, கலாப்ரியாவுக்குப் பாங்கு வேலை. தமிழ் நவீனக் கவிதைக்கும் சிறுகதைக்கும் அந்தக் காலத்தில் பெரிய புரவலர், தான் புரவலர் என்பதே தெரியாத பாங்குதான். (தோப்பில் முகம்மது மீரானுக்கு அந்த இடத்தில் மிளகாய் வற்றல் வியாபாரம். வியாபாரமே நேரடியாக நாவலுக்குச் சோறு போட்ட அபூர்வம்.)

இந்தக் கூலிக்கு ஒரு விசேஷம் உண்டு. ஜமீன்தார் கேட்டுவிட்டுக் கொடுப்பார், கேட்டதில் தன் பெயர் இருக்கவேண்டும். பட முதலாளி படித்துவிட்டுக் கொடுப்பார், படித்ததை மாற்றச் சொல்வார். சோவியத் எழுத்தாளர் சங்கம் தாராளமாகக் கொடுத்தது, கொடுத்த கையே மாண்டல்ஷ்டாமைச் சைபீரியாவுக்கு அனுப்பியது. பாங்கு மட்டும்தான் கதையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் மாசக் கடைசியில் சம்பளம் போட்டது. அதற்கு வாசிக்கத் தெரியாமல் இருந்தது நமக்கு வாய்த்த அதிர்ஷ்டம்.

ஆனாலும் அது எழுத்தின் உருவத்தில் கை வைக்காமல் இல்லை. சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை, தபாலில் ஒரு கடிதம் — இந்தக் கால அளவுக்குள் அடங்குவது சிறுகதை, சின்னக் கவிதை, கடிதம். வண்ணதாசனின் மேதைமை இந்த மூன்றிலும் இருப்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. தெருவை, பக்கத்து வீட்டை, ஒரு மனுஷி முற்றம் தெளிப்பதை அந்த அளவு நெருங்கிப் பார்ப்பதற்கு, மாசம் பிறந்தால் சம்பளம் வரும் என்ற அமைதி தேவை. அதே அமைதி பெரிய நாவலுக்கு வேண்டிய மூர்க்கத்தைத் தின்றுவிட்டது. கலாப்ரியா 'எட்டயபுரம்' போன்ற நெடுங்கவிதையில் அதை உடைத்துப் பார்த்தார். பாங்குக்குப் போகாத வண்ணநிலவன் 'கடல்புரத்தில்' எழுதினார். எதிலும் நிலைக்காமல் அலைந்த விக்ரமாதித்யனுக்கு அந்த அலைச்சலே கவிதையாயிற்று. இதை விதியாகச் சொல்லவில்லை. முருகதாசரின் நாவல் நம் தலைமுறையிலும் பெரும்பாலும் எழுதப்படாமலேயே இருக்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

எலியட் 1917இலிருந்து 1925 வரை லாயிட்ஸ் பாங்கில் இருந்தார். இது அநியாயம் என்று எஸ்ரா பவுண்ட் 1922இல் சந்தா வசூலிக்கக் கிளம்பினார், முப்பது பேர் வருஷத்துக்குப் பத்துப் பவுன் கொடுத்தால் கவிஞனை மீட்டுவிடலாம் என்று. எலியட் கூசிப்போனார். 'பாழ்நில'த்தின் பெரும்பகுதியை நரம்புத் தளர்ச்சிக்காகப் பாங்கு கொடுத்த லீவில்தான் எழுதியிருந்தார். சம்பளத்தோடு லீவு கொடுக்கும் ஸ்தாபனத்தைவிட முப்பது நண்பர்களின் தர்மம் சுதந்திரமானது என்று பவுண்டால்தான் நினைக்கமுடியும்.

2000-01இல் விருப்ப ஓய்வில் பாங்குகளிலிருந்து கூட்டம் கூட்டமாக வெளியே வந்தார்கள். கம்ப்யூட்டர் வந்தது, இலக்கு வந்தது, இன்ஷூரன்ஸ் பாலிஸி விற்கச் சொல்லும் மானேஜர் வந்தார். சாயங்காலம் ஆறு மணி என்பது இன்று பாங்கில் யாருக்கும் இல்லை. சூட்டிகையான பையன்கள் அம்பாசமுத்திரத்திலிருந்தும் கடையத்திலிருந்தும் சென்னைக்கும் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் போகிறார்கள். அதில் நல்ல கணக்குத் தலைகள் சில, எந்த விளம்பரத்தை எந்த மனுஷன் எந்த நொடியில் தொடுவான் என்று கணக்கிடுகிற வேலையில் இருக்கின்றன. முருகதாசர் மாசத்துக்கு எத்தனை விளம்பரம் எழுதியிருப்பார்? இவர்களுக்குச் சம்பளம் நன்றாக இருக்கிறது, மூன்று ரூபாய் கைமாற்றுக்கு வருகிறவனை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கவேண்டியதில்லை. கதையில் அது ஒன்று மட்டும் மாறியிருக்கிறது.

*

பாங்கைப் புரவலர் என்று எழுதியதில் ஒரு பொய் ஒளிந்திருக்கிறது. அதைச் சொல்லிவிடவேண்டும், ஏனென்றால் நானும் அந்தக் கவுண்டருக்குப் பின்னால் இருந்தவன். பாங்குக்கு வாசிக்கத் தெரியாது, சம்பளம் கொடுத்தது, சரி. அந்தச் சம்பளம் எங்கிருந்து வந்தது? வரிசையில் நின்றவர்களின் பணத்திலிருந்தும் நேரத்திலிருந்தும். ஆற்றங்கரைக் கிளை ஒன்றில் இருந்தபோது, ஒரு நாள், பயிர்க்கடன் பணம் வாங்க வந்த பெரியவர் ஒருவர் காலை பத்தரையிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் ஒரு பழைய சலான் கட்டின் பின்பக்கத்தில் இந்த மாதிரிப் பத்திரிகை ஒன்றுக்குக் கவிதைத் தொகுப்பு மதிப்புரை எழுதிக்கொண்டிருந்தேன். வாக்கியம் ஒன்று சரியாக உட்காரவில்லை. டோக்கன் கூப்பிடவில்லை. நான் செய்துகொண்டிருந்ததுதான் உபயோகமான வேலை என்று அன்று எனக்குச் சந்தேகமே இல்லை.

இதையும் ஜங்ஷனில் நண்பரிடம் சொன்னேன். பௌமலைப் பற்றியும் மில்டனைப் பற்றியும் சொன்னபோது டீயை ஆற்றிக்கொண்டிருந்தவர் இப்போது கிளாசைக் கீழே வைத்தார்.

"அந்த மதிப்புரை வந்துதா வே?"

வந்தது என்றேன்.

"அந்தப் பெரியவருக்கு எத்தன மணிக்குத் துட்டு குடுத்தீரு?"

பன்னிரண்டே காலுக்கு.